துணைக்கு நடந்தவன்

ஷூ இரண்டையும் பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ப்ரியம்வதா மறுபடி வந்து படுத்துக்கொண்டாள். மணி காலை ஐந்து. பக்கத்தில் கணவன் தேசிக் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் அரை மணியில் எழுந்துகொள்வான், ஷூவைத் தேடுவான், கிடைக்காது. போர்வைக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

எல்லாம் அந்தப் பட்டியலால் வந்தது. பதினோரு வருஷமாக அவளுக்கு இந்த வியாதி. சில மாதங்கள் மனசு தரையில் நிற்காது. ஒருமுறை அப்படி ஏறியிருந்தபோது, ஒரே மத்தியானத்தில் வீணை, ஜெர்மன், ஐஏஎஸ் பரீட்சை என்று இருபத்திரண்டு லட்சியங்களை எழுதி, சாயங்காலத்துக்குள் வீணையையும் வாங்கிவிட்டாள். பிறகு இறங்கும். இறங்கினால் பல் தேய்ப்பதே மலைக்கோட்டை ஏறுகிற காரியம். சித்திரையில் தில்லைநகர் மனநல டாக்டர், "மூணே மூணு எழுதுங்கம்மா. சின்னதா இருக்கட்டும்" என்றார். காலையில் அரை மணி நடை, தினம் பத்துப் பக்கம் படிப்பு, சர்க்கரை போடாத காபி என்று எழுதினாள். "நானும் துணைக்குப் பண்றேன்" என்றான் தேசிக். வங்கி வேலை, நாற்பத்தைந்து வயது, தொப்பை. தாளை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி, தினம் டிக் அடிக்க ஆளுக்கொரு கட்டம் போட்டான்.

முதல் மூன்று வாரம் இரண்டு பேருமாகக் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை போய் வந்தார்கள். அப்புறம் அவளால் எழுந்துகொள்ள முடியவில்லை. அவனால் முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் ஆறு கிலோ குறைந்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டான். அவளுக்கென்று வாங்கின புத்தகங்களை அவன் படித்து முடித்தான். சாப்பிடும்போது அவற்றைப் பற்றிப் பேசவும் செய்தான். அவள் கட்டம் காலியாகக் கிடந்தது.

முந்தாநாள் எதிர் வீட்டு ரங்கம்மா மாமி அவனை வாசலில் நிறுத்தி, "என்னடா தேசிக், பத்து வயசு குறைஞ்சாப்ல இருக்கே. ஆத்துக்காரிக்கும் சொல்லிக் குடேன்" என்றாள்.

"அவதான் மாமி ஆரம்பிச்சு வெச்சா" என்றான் அவன்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ப்ரியம்வதாவுக்கு வயிறு எரிந்தது. அது என் பட்டியல். என் வியாதிக்குச் சொன்ன வைத்தியம். வியாதியை என்னிடம் விட்டுவிட்டு வைத்தியத்தை மட்டும் இவன் எடுத்துக்கொண்டான்.

ஐந்தரைக்குத் தேசிக் எழுந்தான். அலமாரி திறந்து மூடியது. கட்டிலடியில் டார்ச் வெளிச்சம் ஓடியது. பின்கட்டுப் பக்கம் போனான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வாசல் கதவு சாத்தப்பட்டது.

ஆறே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது காலில் ரப்பர் செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்து குதிகால் கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து வந்து நின்றாள்.

"ஒருநாள் போகலேன்னாதான் என்ன?"

"போயிட்டு வந்தாச்சே."

"ஷூவை ஒளிச்சு வெச்சது நான்தான்."

"தெரியும். நாடா வெளில தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் எடுத்துக்கல?"

அவன் நிமிரவில்லை. "ரெண்டு மாசமா நீயா எழுந்து ஒண்ணும் பண்ணலியே, ப்ரியா. இன்னிக்கு இருட்டோட எழுந்து, அங்க வரைக்கும் நடந்து போய், குனிஞ்சு வெச்சிருக்கே. அதைக் கலைக்க மனசு வரல."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நல்லவனாக இருப்பதிலும் இவனே முந்திக்கொண்டானே என்றுதான் தோன்றியது.

"எனக்குத் துணைக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். "எனக்குன்னு இருக்கறதுல கை வைக்காம இருந்தா போறும்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. எண்ணெய் பாட்டிலை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். டிபன் சாப்பிடாமலே ஆபீஸுக்குக் கிளம்பினான்.

ஒன்பதரை மணிக்கு அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். உடம்புக்காக நடக்கிறவர் யாரும் நடக்காத நேரம். தார் காயத் தொடங்கியிருந்தது. பத்து வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது, திரும்பிவிடலாமா என்றிருந்தது. அப்போதுதான் முன்னால் போகிறவளைப் பார்த்தாள். மஞ்சள் புடவை, வெறுங்கால், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சமயபுரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு நடக்கிறவளாக இருக்கும். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அந்த வயதில், அந்தச் சூட்டில், யாரையும் லட்சியம் செய்யாத நடை. இவளால் மட்டும் எப்படி முடிகிறது?

ப்ரியம்வதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். மஞ்சள் புடவைக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே இரண்டு கரண்ட் கம்பத் தூரம் இருந்தது. பூக்கடையைத் தாண்டும்போது ஒன்றரை.