முகட்டில் நின்ற பால்

சித்திரை பிறந்ததும் முப்பிடாதியின் செவலைப் பசு பாலை ஆவியாகக் கறக்கத் தொடங்கியது. காம்பைப் பிடித்து இழுத்தால், சோறு வடிக்கும்போது எழுவதுபோல வெள்ளையாகக் கிளம்பும். செம்பில் தங்காமல் நேரே மேலே போய்விடும். கோவில்பட்டிக்குக் கிழக்கே அந்தக் கரிசல் ஊரில் வெயில் அப்படி.

மாட்டுக்கொட்டகை தகரக் கூரை. ஓரத்தில் கையை நீட்டினால் தொட்டுவிடலாம்; நடுமுகடு மட்டும் உயரம். ஆவி அதனடியில் கூடி நின்று, விடியலில் தகரம் ஆறியதும் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவள் புருஷன் பேச்சிமுத்து பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தான். கீழே சட்டிகளைப் பரப்பினான். தகரத்தின் இடுக்குகளைச் சாக்கால் அடைத்து, பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினான். டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள்.

ஆனால் பசு படுக்கவில்லை. ஏழு மாதச் சினை. நாக்கைத் தொங்கவிட்டு, நுரை வழிய, நின்றபடியே மூச்சு வாங்கியது. தொட்டித் தண்ணீர் வெந்நீராகக் கிடந்தது. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முப்பிடாதி அதன் வயிற்றில் கைவைத்தாள். உள்ளே அசைவு குறைந்திருந்தது. மாட்டு டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினாள்.

டாக்டரம்மா வந்தார். தலைக்கு மேல் நின்ற பாலைக் கையால் விலக்கிவிட்டு, பசுவின் விலாவையே கொஞ்சநேரம் பார்த்தார்.

“எல்லாம் ஆவியாத்தான் போகுதா?”

“ஆமா டாக்டரம்மா.”

“சூடு வெளிய போக வழியில்ல. முகட்டத் திறந்துவிடுங்க. கூரைமேல கீத்துப் போடுங்க. தண்ணி தெளிச்சா மட்டும் போதாது, காத்து ஓடணும். இல்லேன்னா கன்னு தங்காது.”

அவர் போனதும் பேச்சிமுத்து கூரையை அண்ணாந்து பார்த்தான்.

“முகட்டத் திறந்தா பால் போயிரும்.”

“திறக்கலேன்னா மாடு போயிரும்.”

“சித்திரை கழியட்டுமே. பெறகு திறப்போம்.”

அவன் கடைக்குக் கிளம்பியதும் முப்பிடாதி ஏணியைச் சாத்தி ஏறி, முகட்டுத் தகரத்தைக் கடப்பாரையால் நெம்பினாள். தகரம் கையைச் சுட்டது. அது பெயர்ந்ததும் இருந்த பாலெல்லாம் அவள் முகத்தை நனைத்துக்கொண்டு வெளியேறியது. வாயோரம் பட்டது இனித்தது. அவள் அழுதாள். அழுதுகொண்டே இறங்கி, தார்ப்பாயைக் கிழித்தெறிந்து, மேற்குப் பக்கம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டாள். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினாள்.

வெளியேறிய பால் எங்கும் போகவில்லை. கொட்டகைக்கு நேர்மேலே மேகமாக நின்றது. நிழல் பசுவின்மேல் விழுந்தது.

சாயங்காலம் பேச்சிமுத்து திரும்பியபோது செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவன் வாசலிலேயே நின்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றினான். மறுநாள் கடையில் கடுங்காப்பி விற்றான். கேட்டவர்களிடம், “மாட்டுக்கு முடியல,” என்று மட்டும் சொன்னான்.

ஆனியில் செவலை ஈன்றது. கிடாரிக் கன்று. அது தரையில் விழவில்லை. ஈரம் சொட்ட மெல்ல எழும்பி, முகட்டருகே போய் நின்று, தாயைப் பார்த்து ‘அம்மா’ என்றது. முப்பிடாதி ஏணியில் ஏறி அதை அணைத்து இறக்கி, தாயின் மடியில் விட்டாள். செவலை கன்றை நக்கிக்கொடுத்தது. வயிறு நிறையக் குடித்ததும் கன்று மறுபடி எழும்பியது. முப்பிடாதி அதன் காலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை முளையில் முடிந்தாள்.

“முகட்ட அடைச்சிரவா?” என்று கேட்டான் பேச்சிமுத்து.

“வேண்டாம். காத்து ஓடணும். இந்தக் கயிறு குட்டையா இருக்கு, கழுத்த நீட்டி வெளிய பாக்குது பாருங்க.”

அவன் பார்த்தான். பிறகு கிணற்றடிக்குப் போய், வாளியைக் கழற்றி வைத்துவிட்டு, நீளக் கயிற்றைச் சுருட்டி எடுத்து வந்தான்.