மோட்டார் அறையிலிருந்து வந்த குரல்

மோட்டார் மெக்கானிக்குக்கு அன்று அந்தக் குடியிருப்பில் ஒரே ஒரு வேலைதான். நிலத்தடி அறையில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இரண்டு நாளாக முக்கி முனகிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் படி இறங்குவதற்குள் தரைத்தள வீட்டுத் தையல்காரி மறித்துக்கொண்டாள். மெஷின் இரைச்சலில் போனில் பாட்டே கேட்பதில்லை என்று அவள் கணவன் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கித் தந்திருந்தான். அதுவோ மூன்று நாளாக அவள் போனோடு சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“மோட்டாரையே பேச வைக்கறீங்க. இதையும் கொஞ்சம் பாருங்கண்ணா” என்றாள்.

கோளாறு எதில் என்று தெரிய வேண்டுமே. முதலில் தன் போனில் புளூடூத்தைப் போட்டு, ஸ்பீக்கரின் பொத்தானை நீல விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்தார். உடனே இணைந்தது. அப்படியானால் குற்றவாளி அவள் போன்தான். தன்னுடைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவள் போனை ஒருமுறை அணைத்துப் போட்டார். அதுவும் வழிக்கு வந்தது. பாட்டு கணீரென்று எழ, அவள் முகமெல்லாம் சிரிப்பு. டீ குடிக்காமல் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

மோட்டார் அறை சரியாக அவள் தையல் அறைக்குக் கீழே இருந்தது. வெளியே வால்வை மூடிவிட்டு உள்ளே போய்க் குழாயைக் கழற்றினார். சிறிது நேரத்தில் அந்தப் பழைய வால்வு வழி விட்டுவிட்டது. தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஓடிப்போய் இன்னும் இறுக்கி மூடலாமென்று திரும்பினால், இரும்புக் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் கொண்டி விழும் சத்தமும் கேட்டது.

கதவைத் தட்டினார், கத்தினார். மேலே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. சுவரில் இடுப்புயரத்தில் இருந்த சுவிட்ச் பலகையைப் பார்த்ததும் விலகி எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதில் மின்சாரம் வந்துகொண்டிருந்தது.

அப்போது பாட்டுச் சத்தம் மங்கலாக மேலிருந்து இறங்கி வந்தது. அவருக்குப் பொறி தட்டியது. ஸ்பீக்கரோடு இணைக்கப் பார்த்தார். அது அவள் போனோடு இருந்ததால் இவரைச் சேர்க்கவில்லை. மறுபடி முயன்றார். மறுபடி. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

திடீரென்று பாட்டு நின்றது. தைத்த துணியைக் கொடுக்க அவள் போனோடு தெருவுக்குப் போயிருந்தாள். இவர் கையிலிருந்த திரையில் ‘இணைந்தது’ என்று வந்தது. உடனே தன் குரலைப் பதிவு செய்து, அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்.

“தங்கச்சி, நான் மோட்டார் ரூம்ல மாட்டிக்கிட்டேன். படிக்கட்டுப் பக்கம் இருக்கற மெயின் சுவிட்சை மொதல்ல அணைங்க. அப்புறம் கதவைத் திறங்க.”

வீட்டுக்குள் நுழைந்தவள் ஏதோ நாடகம் ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாளாம். நாலாவது தடவை ‘தங்கச்சி’ என்று கேட்டதும்தான் குரல் யாருடையது என்று உறைத்திருக்கிறது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். சொன்னபடியே முதலில் சுவிட்சை அணைத்தாள். இருட்டில் தடவிப் போய்க் கொண்டியை நீக்கினாள். தண்ணீரோடு தண்ணீராக அவர் வெளியே வந்து, வால்வை இறுக்கி மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“நல்லவேளை, நீங்க வெளிய போனீங்க” என்றார்.

“நல்லவேளை, திரும்பி வந்தேன்னு சொல்லுங்கண்ணா” என்றாள்.

வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தார். ஆனால் அவர் கழற்றிப் போட்ட ஈரத் துணியை மனைவி பார்த்துவிட்டாள். துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். மறுநாள் காலை அவரை வண்டி எடுக்கச் சொன்னாள்.

வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டுமென்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தையல்காரி கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அவள் கைகளிரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குன்னு இருக்கறது இவர் ஒருத்தர்தாம்மா” என்றாள்.

தையல்காரி அவளை உள்ளே இழுத்து, துணிக்குவியலை ஒதுக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். வாசலில் நின்ற மெக்கானிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வால்வைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார். அந்தப் பழைய வால்வைக் கழற்றியெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டி முடித்து அவர் திரும்பியபோதும், பெண்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.