டிக்கெட் எடுத்த வருஷம்

போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து மலையேறும் காட்டுப்பாதையில், சிவதாணுவை யானை அடித்துக் கொன்ற பாறை இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் அவர் மனைவி சுசீலாபாய் அங்கே போவாள். மூன்று கல் கூட்டி, பால் விடாத கட்டன் சாயா காய்ச்சிப் பாறைமேல் வைத்து, இரவு தங்கி, விடிந்ததும் இறங்குவாள். கீழே காய்ச்சிக் கொண்டுபோகக் கூடாது. ஆள் போன இடத்திலேயே கொதிக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதுதான் முறை. வனக்காவலர் ஸ்ரீஜித் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இந்த ஆண்டு, காட்டில் கூடாரமடித்துத் தங்கக் கட்டணம் வந்தது. கழக்கூட்டம் என்ற ஊரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன் பிரஜின் அதை அம்மாவுக்கு வழியெல்லாம் விளக்கினான். ஆட்கள் ஒரே இடத்தை மிதித்தால் மண் இறுகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அதனால்தான் அளவாக ஆள் விடுகிறார்கள். அந்தப் பணத்தில் குப்பையும் அள்ளுகிறார்கள். அம்மா இனி ஒளிந்து போக வேண்டாம் என்று அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தான்.

வனத்துறைச் சாவடி வாசலில் இருந்த எந்திரத்தில் அவனே செல்பேசியிலிருந்த டிக்கெட்டைக் காட்டினான். பீப் என்றது. ஸ்ரீஜித் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"எந்தா பிரஜினே இது? என்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாமில்லே?"

"காசு கட்டித்தானே வந்திருக்கோம் சேட்டா."

"அதுதானே பிரச்னை. டிக்கெட் எடுத்தா நீங்க டூரிஸ்ட். டூரிஸ்ட் தீ கூட்டக்கூடாது."

எந்திரம் டிக்கெட் குறியீட்டைப் படித்ததுமே பெயர்கள் நகரத்து வனத்துறை அலுவலகத்துக்குப் போய்விட்டன. விடியும்வரை அந்தப் பெயர்களுக்கு ஒரு வழிகாட்டி பொறுப்பு. பெயர் பதியாமல் வந்தவள் என்பதால்தான் இதுவரை ஸ்ரீஜித்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள முடிந்தது.

"கேன்சல் பண்ணிரலாமே?"

"பேரு உள்ளே ஏறியாச்சு. இனி பற்றில்லா, முடியாது."

அவர் பிரஜின் தோளில் கிடந்த பையைத் திறந்து, பாத்திரத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டியை மட்டும் எடுத்தார். "மேலே கேன்டீன்ல சாயா கிட்டும் சேச்சி."

"கடைச் சாயாவா? உயிரோட இருக்கும்போதே கழுநீர்னு துப்பின மனுஷன்."

பிரஜின் தணிந்த குரலில் சொன்னான்: "அடுத்த வருஷம் பழையபடி வரலாம்மா."

"எங்ஙனே?" என்றார் ஸ்ரீஜித். "எஸ்டேட்காரங்களும் டிக்கெட் எடுப்பாங்கன்னு ஆபீஸுக்கு இப்ப தெரிஞ்சாச்சு. இனி யாரையும் சும்மா விட முடியாது."

சுசீலாபாய் மகனைத் திட்டவில்லை. பையை அவன் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ போயிட்டு வா மக்கா. டிக்கெட் வீணாப் போகுமில்ல."

அவள் எஸ்டேட் லயத்திலிருந்த வீட்டை நோக்கி இறங்கினாள். வழிகாட்டி பிரஜினின் பெயரைப் படித்துக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு முறை, உரக்க.