துடக்கில்லாத கை

கிணற்றடிக்குப் போகுமுன் பல் விளக்க ஒரு கிள்ளு உப்பெடுக்கக் குசினிக்குள் நுழைந்த நல்லரத்தினம், தேசிக்காய் ஊறுகாய்ச் சாடியின் வாய்த்துணி ஒரு பக்கம் நழுவிக் கிடப்பதைக் கண்டார். திருப்பிக் கட்டிவிடுவோம் என்று துணியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்த ஒரு காயின் முதுகில், சுண்டுவிரல் நகமளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. உப்புக் கட்டிதான் என்று நினைத்தார். அப்படி நினைக்க விரும்பினார் என்பதுதான் சரி. தொட்டுப் பார்த்தபோது உப்பைப்போல நறநறக்கவில்லை, பஞ்சுபோல நசுங்கியது. பூஞ்சணம்.

வேறொரு வருடமாயிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஈரக் கரண்டி போட்டது யார் என்று அவருடைய மனைவி அன்னப்பூரணி வீடு முழுக்கக் கேட்டுத் திட்டுவாள், பழுதானதை அள்ளி வாழையடியில் கொட்டுவாள், அதோடு முடிந்துவிடும். ஆனால் இந்த வருடம் அந்தச் சாடிக்குள் அவர்களுடைய ஒரே மகன் விஜிதரனின் உயிர் கிடந்தது. அன்னப்பூரணிதான் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

விஜிதரன் வைகாசி மாதத்தில் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் போட் ஒன்றில் போனவன். அவனோடு இன்னும் மூன்று பேர். சில நாள் வயர்லெஸ்ஸில் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கடற்படை தேடியது, மற்றப் போட்காரர்களும் தேடினார்கள். ஐஸ் பெட்டியின் மூடி ஒன்றும் ஒரு மிதவையும்தான் கிடைத்தன. அந்தப் போட்டினுடையதுதான் என்று ஒருவர் சொன்னார், எல்லாப் போட்டிலும் இதே மாதிரித்தான் இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். முன்பும் இப்படிக் காணாமல்போன சிலர் அந்தமானில் கரையேறி, எல்லாரும் கைவிட்ட பிறகு வாசலில் வந்து நின்ற கதை இந்தப் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒரு தாய்க்கு அது போதும். தகப்பனுக்கும் கொஞ்சக் காலம் போதுமாயிருந்தது.

புறப்படும் அன்று அவன் கடைசியாகக் கேட்டது ஊறுகாயைத்தான். கடலில் தலைசுற்றினால் உப்புத் தேசிக்காயை நக்கிக்கொண்டு படுத்துவிடுவான், சோற்றுக்கும் அதுதான். "அடுத்த முறைக்கு ரெண்டு போத்தலாக் கட்டித் தாங்கம்மா. மத்தவனுகள் என்ட போத்தலையும் முடிச்சிர்ரானுகள்" என்று சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னான். ஆனியில் கச்சான் காற்று அனல்போல அடிக்கத் தொடங்கியதும் வளவிலிருந்த தேசி மரம் மஞ்சளாகச் சொரிந்தது. அன்னப்பூரணி கத்தரிக்காயை அரிந்து வத்தல் போட்டாள், கொச்சிக்காயைக் கீறி மோரில் ஊறவைத்துக் காயப்போட்டாள். மகன் வரவேண்டிய நாள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேசிக்காய்களையும் அடி பிரியாமல் நாலாகக் கீறி, கல்லுப்புத் திணித்து, சாடியில் அடுக்கினாள். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது என்றாள். உப்பில் ஊறவேண்டும், சுளகில் வெயில் காயவேண்டும், திரும்பவும் உப்புத் தண்ணீருக்குள் இறங்கவேண்டும். ஊறும் நாட்களில் காலையில் ஒரு தரம் அடியோடு கிளறிவிட வேண்டும்.

ஊறுகாய் போடுவதில் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சில கட்டாயங்கள் உண்டு. ஈரக் கை ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, துடக்குக் கை ஆகாது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் அமுது படைத்து முடியும்வரை அந்த வீட்டாருக்குத் தீட்டு, அதுதான் துடக்கு. அவர்கள் கை பட்ட சாடி பூஞ்சணம் பிடிக்கும் என்பது இங்கே யாரும் சந்தேகப்படாத விஷயம். அன்னப்பூரணியின் தகப்பன் இறந்தபோது அவளுடைய மாங்காய் அச்சாற்றுச் சாடி வேலிக் கடப்பைத் தாண்டிப் போய், அமுது முடியும்வரை அவள் அக்காபோல ராத்தா என்று கூப்பிடுகிற அடுத்த வீட்டு நபீஸாவின் குசினியில் இருந்தது. ஏறாவூர் எல்லையில், வாவிக்கரை ஒழுங்கையில், தமிழ் வீடுகளில் கடைசி இவர்களுடையது. முஸ்லிம் வீடுகளில் முதலாவது நபீஸாவுடையது. ஒரு வீட்டுத் துடக்கு மற்ற வீட்டில் ஒட்டாது என்பதால் சாடிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை.

நல்லரத்தினத்தின் அக்கா புஸ்பம் ஆடி பிறந்ததும் குருக்கள்மடத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். வாய் நிறைய வெற்றிலை, மனசு நிறைய நல்லெண்ணம். இரண்டையும் அடக்கி வைக்கத் தெரியாத மனுசி. தண்ணீர் குடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தர்ப்பையில உருவம் செஞ்சு காரியத்த முடிச்சிருவம் தம்பி. புள்ள போற இடம் தெரியாம அந்தரிச்சுக் கிடக்கப்படாது."

அன்னப்பூரணி அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று நல்லரத்தினம் பயந்துகொண்டிருந்தார். அவளோ கடைக்குப் போய்வந்த கணக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"மச்சாள், அவன் இல்லையெண்டா எனக்குத் துடக்குத்தானே? நான் ஒவ்வொரு நாளும் சாடிக்குள்ள அகப்பை போட்டுக் கிளர்றன். ஒரு பொட்டுப் பூஞ்சணம் பிடிக்கல்ல. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

 துடக்கைத் திருப்பிப் போட்டு இப்படியொரு நியாயம் யாரும் பேசிப் புஸ்பம் கேட்டதில்லை. அதைப் பிழையென்று சொன்னால் துடக்கே பிழையென்று ஆகிவிடும். பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சாடியில்தான் இப்போது இந்த வெள்ளைப் பொட்டு. நல்லரத்தினம் அறைப் பக்கம் பார்த்தார். அன்னப்பூரணியின் மூச்சுச் சத்தம் கேட்டது. தேங்காய்ச் சிரட்டை அகப்பையால் அந்தக் காயை அள்ளி, கொல்லைக்குக் கொண்டுபோய் வாழையடியில் புதைத்தார். திரும்பி வந்து சாடியின் விளிம்பைத் துடைத்தார். உப்புக் கூடினால் பூஞ்சணம் வராது என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுத் துணியைக் கட்டினார். பல் விளக்க மறந்துபோனார். 

மகன் இல்லை என்பது அவருக்குச் சாடி சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. மிதவையைப் பார்க்க வாழைச்சேனைக்கு அவர்தான் போனார். அதில் கட்டியிருந்தது பச்சை நைலோன் கயிறு. நடுவில் ஓரிடத்தில் தீயில் உருகிக் கறுத்திருந்தது. கிணற்று வாளிக்கென்று வாங்கிய கயிறு அது. அடுப்புப் பொறி பட்டு உருகியது இதே குசினியில். போட்டுக்குத் தேவை என்று பாதியை விஜிதரன் வெட்டிக்கொண்டு போனபோது, மிச்சம் கிணற்றுக்கு எட்டாது என்று மகனோடு அவர் சண்டை பிடித்திருந்தார். அங்கே நின்றவர்கள் "உங்களுக்கு ஏதும் அடையாளம் தெரியுதா?" என்று கேட்டபோது தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டிலும் அதையே சொன்னார். ஒரு மிதவை அறுந்து போனால் ஆளும் போய்விட்டான் என்று அர்த்தமில்லைதான். ஆனாலும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு அழுதுதான் அவர் வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு விடியலிலும் மனைவிக்கு முன்னால் எழும்பினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து தேத்தண்ணிச் சீனி எந்தப் பேணியில் இருக்கிறது என்றுகூட அறியாத மனுசன், களவாக ஊறுகாய் காத்தார். சில நாள் ஒன்றும் இராது. அப்போது ஒரு முட்டாள் சந்தோசம் வரும். அந்தக் கயிறு வேறு யாருடையதாகவும் இருக்கலாமே என்று தோன்றும். சில நாள் இரண்டு காய், மூன்று காய் வெள்ளையாகக் கிடக்கும். அள்ளுவார், புதைப்பார், உப்புப் போடுவார். சூரியன் கிளம்பியதும் அன்னப்பூரணி குளித்து, கையைத் துணியில் துடைத்து, சாடியைத் திறந்து பார்ப்பாள். அவள் முகம் தெளிவதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். அந்த முகத்தோடு அவள் ஒரு நாளைத் தள்ளிவிடுவாள், சோறு தின்பாள், கொச்சிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

ஆடி முடிகிற நேரம் புஸ்பம் மறுபடியும் வந்தார். இந்தமுறை ஐயரிடம் நாள் கேட்டுக்கொண்டே வந்திருந்தார். அன்னப்பூரணி சாடியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மச்சாளின் முன்னால் வைத்துத் துணியை அவிழ்த்தாள்.

"நீங்களே பாருங்க மச்சாள். மணந்து பாருங்க."

புஸ்பம் குனிந்து பார்த்தார், மணந்தார். தேசிக்காய்கள் தேன்நிறத்துக்கு வந்திருந்தன, பழுதான வாடை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு "எனக்கு விளங்கல்ல புள்ள. ஒனக்குச் சரியெண்டாச் சரி" என்றார். நல்லரத்தினம் முற்றத்தில் எதையோ தேடுகிறவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குச் செய்த பாவம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் போகாது என்று நினைத்தார்.

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அன்னப்பூரணி சோறு போட்டாள். சோற்றுக் கோப்பையின் விளிம்பில் ஒரு துண்டு தேசிக்காய்.

"ஊறிற்றா எண்டு பாருங்க."

வாயில் வைத்தார். காய் பாதி ஊறியிருந்தது. ஆனால் உப்பு நாக்கை அரித்தது, காதுவரை கூசியது. அவர் முகத்தை அசைக்காமல் மென்றார்.

"நல்லாரிக்கு."

"உப்பு?"

"அளவு."

அன்னப்பூரணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்தத் தண்ணீரை அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். 

மறுநாள் விடியலில் அவர் குசினிக்குப் போனபோது அன்னப்பூரணி அங்கே இருந்தாள். சாடி திறந்திருந்தது. அவள் தொடவில்லை, குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே மிதந்த காய்களில் பாதிக்கு மேல் வெள்ளை பூத்திருந்தது. இவ்வளவு ஒருநாளும் பிடித்ததில்லை. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கிழமைக்கொருக்கா ருசி பாக்கிறனான்" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "உப்பு ஏறிக்கிட்டே போகுது. எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டா நீங்க சொல்லிருவீங்க எண்டுதான் கேக்கல்ல."

"ஈரமாயும் இரிக்கலாம் அன்னம். என்ட கை வேர்த்த கை..."

"நீங்க அவனுக்குத் தகப்பன்தானே? எனக்குத் துடக்கெண்டா உங்களுக்கும் துடக்கு. நீங்க தொட்டு என்னத்தக் காப்பாத்தினீங்க?"

அது அதுவரை அவருக்கு உறைத்ததே இல்லை. இத்தனை நாளும் தன் கையும் அதே துடக்குக் கைதான் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் பக்கத்தில் போய் நிலத்தில் உட்கார்ந்தார். இனி ஒளித்து வைக்க அவரிடம் தெம்பில்லை.

"மிதவையில கிடந்தது நம்மட வாளிக் கயிறு புள்ள."

"உருகின கயிறா?"

"ஓம்."

அன்னப்பூரணி கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். மிச்சப் பாதிக் கயிறு, வேறொரு கயிற்றோடு முடிச்சுப் போட்டுக் கப்பியில் தொங்கியது. அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை, உடம்பு மட்டும் ஆடியது. அவர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு தானும் அழுதார். மகன் போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தரம்.

வெயில் ஏறியபோது அவள் எழுந்து முகம் கழுவினாள். வேலிக் கடப்படிக்குப் போய் நின்று கூப்பிட்டாள்.

"நபீஸா ராத்தா, ஒருக்கா வந்திட்டுப் போங்க."

நபீஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடப்பைத் தாண்டி வந்தார். குசினி வாசலில் சாடியையும், அதிலிருந்து எட்டி நிற்கிற அன்னப்பூரணியையும் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. முன்பொரு முறை இதே வாசலிலிருந்துதான் மாங்காய்ச் சாடியைத் தூக்கிக்கொண்டு போனார். இந்தமுறை அவர் கை நீளவில்லை.

"வேணாம் அன்னம். நான் தொடமாட்டன். நாளைக்கு அந்தப் புள்ள வாசல்ல வந்து நிண்டா எந்த மூஞ்சோட நான் பாக்கிற?"

"வந்தா தின்ன வேணாமா ராத்தா?" என்றாள் அன்னப்பூரணி. "ரெண்டு போத்தல் கேட்டவன். பழுதாப் போக விடலாமா?"

 நபீஸா கிணற்றடியில் கையைக் கழுவினார். முக்காட்டு நுனியில் விரல் விரலாகத் துடைத்தார். பிஸ்மி சொல்லிக் குந்தியிருந்து, வெள்ளை பூத்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கோப்பையில் போட்டார். கீழே கிடந்தவை பழுதில்லாமல், தேன்நிறத்தில் இருந்தன. அகப்பையைச் சாடிக்குள் இறக்கினார். நல்லரத்தினம் கப்பியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டு வளவுக்குள் புகுந்தது.

அன்னப்பூரணி கிட்டே வரவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"அடியில இருந்து கிளறுங்க ராத்தா" என்றாள். "அவன் அடியில கிடக்கிறதத்தான் தேடி எடுப்பான்."