கழுவிக் கொண்டுவந்த வண்டி

பிரேக்கை மிதித்த கால் எந்தத் தடையும் இல்லாமல் அடிவரைக்கும் போனது. தவறான பெடலை மிதித்துவிட்டோம் என்றுதான் கண்ணாடிக் கடைக்காரர் முதலில் நினைத்தார். குனிந்து பார்த்துவிட்டு மறுபடி மிதித்தார். அப்போதும் அதே கதை. தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சுவர் நிதானமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்றாம் முறை மிதித்தபோது பாதியில் பிடித்தது. அதற்குள் இடதுகை தன்பாட்டில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டிருந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒல்லியான ஆள் ஒருவர் பக்கவாட்டில் நடந்து போகலாம். கொஞ்சம் சதை போட்டவர் என்றால் முடியாது.

வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. "நீங்களே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க சார், நான் பக்கத்துல உக்காந்தா நல்லது கெட்டது தெரியாது" என்று பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்துவிட்டு, விற்க வந்த பேக்கரிக்காரர் இவர் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது, தான் தப்பித்ததை நினைத்து அல்ல. பேக்கரிக்காரர் இந்த வண்டியில்தான் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கீழே இருக்கும் ஊரிலிருந்து மலையேறி வந்திருந்தார். ஒன்பது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. இறங்கும்போதுதான் இருக்கிறது.

பெடலை விட்டு விட்டு மிதித்து, முதல் கியரிலேயே வீட்டுக்கு ஓட்டி வந்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது, உள்ளதைச் சொல்லவேண்டியதுதான். ஆனால் கடந்த ஒரு மணி நேரமாக அந்த வண்டியைப் பற்றித் தான் பேசிய பேச்செல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஊசி வாங்கினாலும் காது கோணல் என்று சொல்லி விலை குறைக்கிற ஆள் அவர். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. டீச்சரான மனைவிக்கு முழங்கால் வலி வந்து, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடக்க முடியாமல் போனதால் பழைய கார் ஒன்று பார்க்கலாம் என்று முடிவானதும், தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போய் ஒரு பாடமே கேட்டு வந்திருந்தார். கேட்டதையெல்லாம் இன்று காலை இறக்கி வைத்தார். நாலு கதவுக் கண்ணாடியிலும் வருஷம் பார்த்து, ஒன்று மட்டும் புதிது என்று கண்டுபிடித்தார். கடையில் திருகாணி பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து, அடிபட்ட இடத்தில் பட்டி பூசியிருக்கிறதா என்று வண்டியின் உடம்பெல்லாம் ஓட்டினார். பின்கதவில் அது ஒட்டாமல் வழுக்கியதும், "பேக்கரியில மிச்சமான மாவையா சார் பூசினீங்க?" என்றார். பேக்கரிக்காரர் சிரித்தார். கடைக்காரர் வண்டியின் கால்மிதியைத் தூக்கி முகர்ந்தார், சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். இன்ஜின் சூடாக இருக்கிறது, சூடு எல்லா நோயையும் மறைக்கும் என்றார். ஒவ்வொன்றுக்கும் விலையில் ஒரு துண்டை வெட்டினார். பேக்கரிக்காரரின் சிரிப்பும் ஒவ்வொரு துண்டாகக் குறைந்துகொண்டே வந்தது. "பல்லைப் புடிச்சுப் பாக்காம விடறதுக்கு இது தானம் குடுத்த மாடு இல்லையே, காசு குடுத்து வாங்குற மாடு" என்று கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் அவர் சாவியை வாங்கினார்.

வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். "சார், பிரேக் பிடிக்கலை."

பேக்கரிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதானே பார்த்தேன். பிரேக்கை விட்டுட்டாரேன்னு நெனச்சேன்."

"இல்லை சார். நிஜமா. சுவத்துல மோத இருந்தேன்."

பேக்கரிக்காரர் எழுந்து வந்து ஓட்டுநர் பக்கம் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பெடலை அழுத்தினார். "கல்லு மாதிரி இருக்கு. நீங்களே கையால அமுக்கிப் பாருங்க."

"நான் மிதிச்சு மிதிச்சு ஏத்திட்டு வந்திருக்கேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டா திரும்ப உள்ள போயிடும்."

"எவ்வளவு நேரம் சார்? ராத்திரி தங்கிட்டுப் போகவா?"

கடைக்காரர் மண்டியிட்டுப் பின்சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டார். விரல்கள் ஈரமாக வந்தன. வழவழப்பாக இருப்பதுபோலவும் இருந்தது, தண்ணீர் போலவும் இருந்தது. முகர்ந்தார். சோப்பு வாசனைதான் முதலில் வந்தது. "பாருங்க, கசியுது" என்று கையை நீட்டினார்.

"பாப்பா வழியெல்லாம் வாந்தி. மேல வந்ததும் குழாயில பின்பக்கம் பூரா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் உங்க வாசலுக்கே வந்தேன். கழுவின வண்டி ஈரமா இல்லாம எப்படி சார் இருக்கும்?" பேக்கரிக்காரரின் குரலில் இப்போது சிரிப்பு சுத்தமாக இல்லை. "ஒரு மணி நேரமா பொறுத்துக்கிட்டேன். மாவுன்னீங்க, மாடுன்னீங்க. விடுங்க, நமக்குள்ள ஒத்து வராது."

கடைக்காரர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுமுறை நாளில் அந்த மனிதர் போனை எங்கேயாவது வைத்துவிட்டுத் தூங்குவார். "அவர் எடுத்தா மட்டும்? உங்க மெக்கானிக் உங்களுக்குத்தானே பேசுவாரு" என்றார் பேக்கரிக்காரர்.

அப்போதுதான் கடைக்காரருக்கு ஒரு வழி தோன்றியது. வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத காரியம். "சார், நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். ஒரு துண்டு குறைக்க வேணாம். வண்டி இங்கயே நிக்கட்டும். உங்களைப் பஸ்ல ஏத்தி விடறேன்."

பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? பிரேக் இல்லாத வண்டிக்கு முழு விலை குடுக்கறாராம்."

"அப்போ வண்டியில ஏதோ நல்லது இருக்கு, நமக்குத்தான் தெரியலை" என்றாள் அந்த அம்மாள். "கீழ இன்னொருத்தர் கேட்டாரே, அவருக்கே குடுத்துடலாம். பாப்பா, ஏறு."

கடைக்காரர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். பேக்கரிக்காரர் உள்ளங்கையை நீட்டினார். "சாவி சார்." நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

டீச்சர் படியிறங்கி வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்துபோய். "போதுங்க. குடுத்துடுங்க. வெக்கமா இருக்கு" என்றாள் அடிக்குரலில். துணிக்கடை, பாத்திரக் கடை, வளையல் கடை என்று எத்தனையோ இடத்தில் இதே குரலில் அவள் சொல்லியிருக்கிறாள். அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அது வளையத்தோடு சேர்ந்து கலகலவென்று ஆடியது. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். பேரம் பேசும்போது அவர் கை நடுங்கி அவள் கண்டதில்லை.

"நிஜமாவா?" என்றாள்.

"உன் மேல சத்தியமா."

அவள் முகத்திலிருந்த சிவப்பு அப்படியே வடிந்தது. நேரே பின்கதவுக்குப் போனாள். "பாப்பாவுக்கு இப்பத்தானே வயிறு ஆறியிருக்கு. சாப்பிட்டுட்டு சாயங்காலமா இறங்குங்களேன்." "வேணாம் அக்கா, எங்க வீட்டுலயும் சோறு இருக்கு" என்று சொல்லி அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள். உள்ளே பாப்பா வாந்திக்கான பையைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகச் சிரித்தது. ஏறும்போது வாந்தியை மறக்க வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்ததாம். வந்ததுமே டீச்சரிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தது.

இன்ஜின் கிளம்பியது. கடைக்காரர் சுற்றிப்போய் முன்கதவைத் திறந்து, காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"கீழ எனக்கு ஒரு வேலை இருக்கு. என்னையும் இறக்கி விடுங்க."

பேக்கரிக்காரர் ஒரு கணம் முறைத்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "கீழ போற வரைக்கும் பேரம் பேசிட்டே வரப்போறீங்க, அதானே?"

டீச்சர் ஜன்னல் வழியாக அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "நீங்க எதுக்கு?"

"ஹேண்ட்பிரேக் பிடிக்குது" என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

கடைத்தெரு வரைக்கும் சமதளம். அங்கே ஒரு முறை பிரேக் நன்றாகவே பிடித்தது. "பாத்தீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். கடைக்காரர் வலதுகையை இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக் லிவர்மேல் வைத்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். தான் சொன்னது பொய்யாகிப் போகட்டும், ஊரே சிரிக்கட்டும் என்று மனமார வேண்டிக்கொண்டார். "ரெண்டாவது கியர்லயே போங்க சார். தயவுசெஞ்சு." பேக்கரிக்காரர் என்ன நினைத்தாரோ, கியரைக் குறைத்தார்.

கடைகள் முடிந்து சாலை சாய்ந்தது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் வெள்ளை அடித்த குட்டைக் கற்கள், அவற்றுக்கு அப்பால் மரங்களின் உச்சி. பேக்கரிக்காரர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க சார். நானும் வியாபாரிதான். பன்னு வாங்க வர்றவன்கூட அமுக்கிப் பாத்துட்டு நேத்துப் பன்னும்பான். குறை சொல்லாம யார் வாங்கறாங்க, நானே இந்த வண்டிய வாங்கும்போது என்னென்ன சொல்லி..."

முதல் வளைவு வந்தபோது, சொல்லிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. அவருடைய முழங்கால் ஒரு முறை தூக்கி இறங்கியது. மறுபடியும் தூக்கி இறங்கியது. அவர் கடைக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை விட்ட இடதுகை மட்டும் காற்றில் துழாவி, லிவரைப் பிடித்திருந்த கடைக்காரரின் கைமேல் வந்து இறுகியது. அந்தக் கையும் வேர்த்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

பின்னாலிருந்து பாப்பா சத்தமாகச் சொன்னது: "ஒண்ணு."