சோபாவின் இடது மூலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என் சோபாவைச் சரிசெய்ய வந்தவர் அதன் இடது மூலையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குழந்தை ரொம்ப நாள் உக்காந்து டிவி பாத்திருக்கு" என்றார். நான் தனியாள், சோபா பழைய சாமான் கடையில் வாங்கியது. அந்தக் குழந்தை யாரென்று கேட்க வழியில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

"தொலைக்காட்சி என்னும் அரக்கன் இல்லங்களுக்குள் புகுந்து..."

(வேண்டாம். மேடைப் பேச்சு. நீங்களே எழுந்து போய் டிவியைப் போட்டுவிடுவீர்கள்.)

மறுபடி:

என் கதையில் அந்தச் சோபா தைப்பவருக்கே எட்டு வயதில் ஒரு மகள். நடக்கத் தொடங்கியதும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 'வாலு' என்று கூப்பிட்டார்கள். இப்போது பெயரில் மட்டும்தான் வால். பள்ளி விட்டு வந்தால் சோபாவின் இடது மூலை. சாப்பாடும் அங்கே, தூக்கத்தில் கண் சொக்கும்வரை அங்கே. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் மூன்று தடவை படியில் உட்கார்ந்துவிடுவாள். முதுகு வேறு வலிக்கிறது என்றாள். அப்பா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்: பள்ளம் விழுந்த இடத்தைப் பிரித்து, கனமான ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தார். வலி போகவில்லை. இன்னொரு அடுக்கு வைத்தார். வாலு இன்னும் சொகுசாகச் சாய்ந்துகொண்டாள்.

(இந்த மனிதர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த வீட்டுப் பள்ளத்தைத் தொட்டே கதை சொல்கிறவருக்குத் தன் வீட்டுப் பள்ளம் புரியாதா? ஆனால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் கைதான் முதலில் போகும், யோசனை பின்னால்தான் வரும். மன்னித்துக் கதைக்குள்ளே விட்டேன்.)

3

வாலுவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அவருக்கு முக்கால் பக்கம் வசனம் எழுதி, அடித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: எலும்பில் கோளாறில்லை. உட்கார்ந்தே இருந்து முதுகு வலுவிழந்திருக்கிறது, எடை ஏறியிருக்கிறது, தூக்கம் கெட்டிருக்கிறது. இந்த வயதில் எல்லாம் சரியாகும், உடம்பு அசைந்தால்.

அப்பா தான் வைத்த ஸ்பாஞ்சைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, அவ எந்திரிக்கவே கூடாதுன்னு நீங்களே பாத்துப் பாத்து தைச்சிருக்கீங்க."

4

வீட்டுக்கு வந்ததும் அவர் டிவியைத் தூக்கி—

இல்லை. எழுதிப் பார்த்தேன், அவருக்குக் கை வரவில்லை. இருவரும் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைக்குத் துணையாக இருந்தது அந்தப் பெட்டிதானே.

சோபாவைப் பிரித்தார். ரெக்ஸினைக் கிழித்து, ஸ்பாஞ்சையெல்லாம் உருவி, வெறும் சட்டமாக நிறுத்தினார். வாலு அழுது தீர்த்தாள். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தரையில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? எழுந்தாள், நின்றாள், அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எப்பப்பா தைப்பீங்க?"

"இந்தக் குப்பையெல்லாம் கீழ போகணும். அப்புறம்தான்."

"ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணுதான்."

திரும்பி ஏறும்போது மூன்று தடவை உட்கார்ந்தாள். மறுநாளும் 'ஒண்ணே ஒண்ணுதான்' என்று சொல்லியே மூன்று நடை போனாள். ஸ்பாஞ்ச் தீர்ந்த பிறகு, கீழே கயிறு தாண்டுகிற பிள்ளைகளைப் பார்க்கவென்று இறங்கினாள். பார்க்க மட்டும்தானாம்.

(இங்கே ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

5

மூன்றாவது வாரம். புது ரெக்ஸின் விரித்துக் கிடக்கிறது. அப்பா கத்திரிக்கோலோடு நிற்கிறார், எந்த அளவில் வெட்டுவதென்று தெரியாமல். பழையபடியே தைக்கலாம். இடது மூலையே இல்லாமல் சின்னதாகத் தைக்கலாம். யாருக்காவது கொடுத்தும் விடலாம். மூன்றையும் எழுதினேன்; மூன்றிலும் வாலுவை யாரும் கேட்கவே இல்லை.

அவள் இப்போது வாசலில் நின்று, "அப்பா, சோபாவ..." என்று தொடங்குகிறாள்.

மீதியை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு வரி போதும், அதை மட்டும் மாற்றாதீர்கள்: படியில் ஒரு தடவைகூட உட்காராமல் அவள் ஏறி வந்திருக்கிறாள்.