உல்கா ஆற்றில் முன்வண்டி

மூன்றாவது முறையும் குதிரைப்படை அடி வாங்கித் திரும்பியது. இத்தாலிக்குப் புறப்பட்ட ஆஸ்ட்ரோகோத் ஜனம் மொத்தமும், மாடு கன்று பிள்ளை குட்டியோடு, உல்கா ஆற்றங்கரைச் சேற்றில் சிக்கி நின்றது. எதிர்க்கரையில் வழிமறித்து நின்ற கெப்பிடு இனத்தார் ஈட்டிகளை ஆட்டிக் கெக்கலி கொட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் தானிய வண்டிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை!

ரணில்டாவின் பார்வை அந்த வண்டிகளை விட்டு நகரவில்லை. அவள் மகள் கீசாவுக்கு வயது இரண்டு. மூன்று நாளாக வெந்நீர்தான் ஆகாரம். காலையிலிருந்து குழந்தை அழக்கூட இல்லை.

படைத்தலைவன் வலாரித் குதிரையில் பறந்து வந்தான். "வண்டிய வட்டமா கட்டுங்க! மாட்ட அவுத்துட்டு சக்கரத்துக்குச் சங்கிலி போடுங்க!"

ஆபத்தென்றால் கோத்துகளுக்கு வேறு யோசனையே வராது. முன்வண்டி நின்றால் அதைச் சுற்றி வட்டம். முன்வண்டி நகர்ந்தால் மற்றவையும் பின்னாலேயே போகும், ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு முன்வண்டி ரணில்டாவுடையது.

அவள் கணவன் துல்கிலோ தோளில் வழியும் ரத்தத்தோடு சங்கிலியை இழுத்து வந்தான். "எறங்கு புள்ள, மாட்ட அவுக்கணும்."

"அவுத்துட்டு? வட்டத்துக்குள்ள உக்காந்து சங்கிலியத் திங்கவா?"

"தலைவரு சொல்றாருல்ல!"

"அவரு குதிரைகூட கொழுகொழுன்னு இருக்கு. நம்ம புள்ளயப் பாருய்யா!"

பார்த்தான். சங்கிலி கையிலேயே நின்றுவிட்டது. ரணில்டாவுக்கு அது போதும். சாட்டையைச் சுழற்றினாள். மாடுகள் தடதடவென்று ஆற்றில் இறங்கின.

பின்வண்டிக்காரி யோசிக்கவே இல்லை, பழக்கதோஷம், அவளும் இறக்கினாள். அப்புறம் பத்து, ஐம்பது, நூறு! அம்புகள் பலகையில் சடசடவென்று தைத்தன.

"அடேய், வீடு வாசல் எல்லாம் போகுதுடா! வாங்கடா!" துல்கிலோ தொண்டை கிழியக் கத்தினான். மூன்று முறை தோற்றுத் திரும்பி ஓடிவந்த ஆண்கள் வண்டிகளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவற்றையே கேடயமாக்கி வெள்ளத்தைக் கடந்தார்கள். இனி திரும்பி ஓட அவர்களுக்குக் கரையே இல்லை. கரையேறியவர்கள் வெறி பிடித்தவர்களாகப் பாய்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கெப்பிடுகள் தலை தெறிக்க ஓடிப்போனார்கள். என்ன ஆரவாரம்!

வலாரித் மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்றான். "யாரக் கேட்டு ஆத்துல எறங்குன?"

ரணில்டாவின் வாய் நிறையப் பச்சைக் கோதுமை. மைய மென்று, விரலால் எடுத்துக் கீசாவின் உதட்டில் வைத்தாள். குழந்தை விழுங்கியது. பிறகு வீறிட்டு அழுதது, இன்னும் வேண்டுமென்று.